பிழையில்லாத பக்கம்

அடுத்தவர் வாய் என்றால் பல்செட் அக்காவுக்கு அருவருப்பே கிடையாது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாயின் அச்சுகள் காலையிலேயே அவள் வீட்டுக்கு வந்து இறங்கிவிடும். எச்சில் காயாதது, ரத்தம் பட்டது, புகையிலை நாற்றம் போகாதது, யாரோ கடைசியாகச் சாப்பிட்டதன் துணுக்கு ஓரத்தில் ஒட்டியிருப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் குழாயில் காட்டிக் கழுவி, அச்சு வார்க்கும் மாவைக் கரைத்து ஊற்றி, அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டு, அந்த அலமாரிக்கு எதிரிலேயே உட்கார்ந்து டீ குடிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒருநாள் நிஜமாகவே குமட்டிக்கொண்டு வந்தது. குமட்ட வைத்தது ஓர் இலக்கணப் புத்தகம்.

அட்டையில் தொப்பி போட்ட அணில் ஒன்று ஈயென்று இளித்துக்கொண்டு நின்றது. உள்ளேயும் அதே அணில்தான் பக்கத்துக்குப் பக்கம் குதித்தது. “ஹாய் குட்டீஸ்! இன்னைக்கு நாம வினைச்சொல் மாமா வீட்டுக்கு டூர் போலாமா?” என்று கேட்டது. மாமா வீட்டில் எழுவாய் அத்தையும் செயப்படுபொருள் சித்தப்பாவும் குடியிருந்தார்கள். பெயரடைக்கு நாய்க்குட்டி வேஷம் போட்டிருந்தார்கள். இத்தனைக்கும் இது பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கான புத்தகமாம்.

“இதை எழுதின ஆளு என்னைக்காவது பல்செட்டுக்கு எங்கிட்ட வரட்டும். மேல்செட்டைக் கீழயும் கீழ்செட்டை மேலயும் மாட்டி அனுப்பறேன்” என்றாள் கணவரிடம்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களை நாளெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, அவர்களிடமே திட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர். அதனால் வீட்டில் யார் எதற்குக் கத்தினாலும் பதற மாட்டார். “பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடு. அணிலோட நமக்கென்ன சண்டை” என்றார்.

திருப்பிக் கொடுப்பது சுலபம். அடுத்து எதை எடுப்பது என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

இந்தப் புத்தக வேட்டை எங்கே தொடங்கியது என்று சொல்லிவிட வேண்டும். அக்காவுக்கு ஒரே மகள். அப்பா வைத்த செல்லப்பெயர் சில்வண்டு. வாய் ஓயாது. மாடிப்படி ஏறும்போது ஆரம்பித்த பேச்சு, சாப்பிட்டுக் கை கழுவி, படுக்கையில் விழுந்து, கண் சொக்கும்வரை நீளும். பேசுவதைப் போலவேதான் எழுதவும் எழுதுவாள். முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டாள். எழுத்துப் பிழைகளோ அள்ளலாம். ஆனால் அவள் எழுதியதை எடுத்தால் முடிக்காமல் கீழே வைக்க முடியாது.

பள்ளிக்கூடத்தில் ‘என் அம்மாவின் வேலை’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் ஊர்க்காரர்களின் வாயெல்லாம் இருக்கிறது, விளக்கை அணைத்ததும் எல்லா வாயும் ஒன்றையொன்று பார்த்து இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கும், நம் தலைமை ஆசிரியையின் மேல்வாய் இரண்டாவது தட்டில் இருக்கிறது, அது மட்டும் யாரோடும் பேசாது என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் அதை வாசித்தபோது பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். தலைமை ஆசிரியைக்குப் பல்செட் என்பது அன்றுவரை அவருக்கும் டாக்டருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனாள். தொழில் ரகசியம் வீட்டை விட்டு வெளியே போனது தப்பு, அதில் அவளுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அங்கே பல்லைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வகுப்பாசிரியை அந்தத் தாளின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு நீளக் கோடு கிழித்து வைத்திருந்தார்.

“கட்டுரைன்னா அதுக்கு ஒரு முறை இருக்கும்மா. என் அம்மா நல்லவர். என் அம்மா கடின உழைப்பாளி. நான் என் அம்மாவை நேசிக்கிறேன். இப்படி எழுதப் பழக்குங்க” என்றார்.

பக்கத்தில் நின்ற மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை, அங்கே வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல நின்றதை அக்கா பார்த்தாள். இங்கே விட்டுவைத்தால் இவளைக் கெடுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. மறுவாரமே பெயரை எடுத்துவிட்டு, வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பதாகப் பதிவு செய்துகொண்டாள். வேலையறையில் பல் ராவும் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை வந்து சேர்ந்தது.

வீட்டுப் படிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் பிள்ளையைக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துப் போய் ஆய்வாளர் முன்னால் உட்கார வைக்க வேண்டும். முதல் வருஷம் கணக்கும் அறிவியலும் சரி என்று தலையாட்டினார். எழுதியதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எழுத்துலதான் வரிக்கு வரி பிழை. அடுத்த வருஷமும் இப்படியே வந்தீங்கன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல. பள்ளிக்கூடத்துலயே திரும்பச் சேர்த்துட வேண்டியதுதான்” என்றார்.

ஆக, சில்வண்டு வீட்டில் இருப்பதா, அந்தச் சிவப்பு மையிடமே திரும்பிப் போவதா என்பது இலக்கணத்தின் கையில் வந்து நின்றது. அக்காவோ சின்ன வயதிலேயே பல்செட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவள். மாவும் மெழுகும் கைவந்த அளவுக்கு வேற்றுமை உருபு கைவரவில்லை. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று கிளம்பினாள். அதுதான் வம்பு.

வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதை நடத்தியவரை எல்லோரும் மேடம் என்று அழைத்தார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒருமுறை கூட்டம். அக்கா போனபோது சோபாவில் இடம் பிடித்தவர்கள் தங்கள் தங்கள் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சா அது? ஆளாளுக்குத் தம்பட்டம்.

“நாங்க இலக்கணம்ங்கற வார்த்தையையே வீட்டுல சொல்றதில்ல சிஸ்டர். மொழி உணர்வுன்னுதான் சொல்வோம். குழந்தைக்கு அது தானா மலரணும்” என்றார் மேடம். மலர வேண்டிய குழந்தை மூலையில் உட்கார்ந்து சுவரைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தது.

ஓர் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. “எம்பையன் வயசுக்கு மூணு வகுப்பு முன்னால போயிட்டு இருக்கான்” என்றவர், சும்மா விடாமல் பையனைக் கையைப் பிடித்து இழுத்து நடுக்கூடத்தில் நிறுத்தினார். “தொகைநிலைத் தொடர் எத்தனை வகைப்படும்? சொல்லு.” பையன் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடியே கடகடவென்று ஒப்பித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவன் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடிப்போனான்.

யார் பேசினாலும் பல்லைப் பார்ப்பது அக்காவின் தொழில்புத்தி. அன்று அந்தக் கூடத்தில் எல்லோரும் எல்லாப் பல்லையும் காட்டினார்கள். பிள்ளையை வைத்துப் பெருமையடிப்பதில் இவ்வளவு சுகமா என்று அவளுக்குச் சீயென்று போயிற்று. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பை நிறையப் புத்தகங்களை இரவல் வாங்கி வந்தாள்.

அணில் போனபிறகு அடுத்ததைப் பிரித்தாள். அது ஒழுக்கத்தையும் இலக்கணத்தையும் ஒரே கரண்டியில் ஊட்டுகிற புத்தகம். அவன் அதிகாலையில் எழுந்தான். அவன் பெற்றோரை மதித்தான். அவன் கீரையை விரும்பி உண்டான். எடுத்துக்காட்டு ஒவ்வொன்றும் இப்படித்தான். இப்படி ஒரு பிள்ளை நிஜமாகவே இருந்தால் நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்ட வேண்டும்.

“அம்மா, இந்த அவன் யாரும்மா? புத்தகம் முழுக்க இவனேதான் வர்றான்” என்றாள் சில்வண்டு. “இந்தப் பக்கத்துல ஒரு ஏழைக்கு உதவினான். பக்கத்தைத் திருப்பினா அதே ஏழைக்கு மறுபடியும் உதவறான். ஏழை இவனைப் பாத்ததும் ஒளிஞ்சுக்கப் போறாரு பாரு.”

அக்கா சிரித்து மாளவில்லை. அந்தப் புத்தகமும் பைக்குள் போயிற்று.

மூன்றாவது கம்ப்யூட்டரில் ஓடுவது. விடை சரியாக இருந்தால் ஊதுகுழல் ஊதித் தங்கக் காசு கொட்டும். தப்பாக இருந்தால் ஒரு கோமாளி வந்து “அச்சச்சோ!” என்று மூக்கைச் சிந்தி அழுவான். சில்வண்டுக்குத் தங்கக் காசு வேண்டாம், கோமாளிதான் வேண்டும். வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டி அவனை அழவைத்துக் கைகொட்டினாள். வேலையறையில் உட்கார்ந்து அந்த மூக்குச் சிந்தலையே காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள். பிள்ளைகளைக் குரங்கு என்று நினைத்துத்தான் இதையெல்லாம் செய்கிறார்களா என்று பொரிந்து தள்ளினாள்.

பையின் அடியில் கிடந்தது வெள்ளை அட்டைப் புத்தகம். படம் இல்லை, பாட்டு இல்லை, கீரை தின்னும் அவனும் இல்லை. முறை எளிது. தினம் ஒரு தலைப்பு. பிள்ளை எழுத வேண்டும். பெற்றவர் பின்பக்கத்து விதிகளோடு ஒப்பிட்டுப் பிழைகளின் கீழே கோடு மட்டும் போட வேண்டும், விளக்கக் கூடாது. பிள்ளையும் அதே விதிகளைப் பார்த்துத் தானே திருத்தி, முழுவதையும் புதுத் தாளில் முதலிலிருந்து எழுத வேண்டும். மறுபடியும் பிழை இருந்தால் மறுபடியும் புதுத் தாள். ஒரு பிழையும் இல்லாத பக்கம் கிடைத்த பிறகுதான் பெற்றவர் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் அடுத்த தலைப்புக்குப் போக முடியாது.

அக்காவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஏனென்றால் இது அவள் தொழில். அச்சை உடைத்துப் பல்செட்டை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலை ஓட்டுவாள். எங்கே உறுத்துகிறதோ அங்கே மோட்டாரில் ராவுவாள். மறுபடியும் விரல், மறுபடியும் மோட்டார், கடைசியில் பாலிஷ். ஈறைக் குத்துகிற எதுவும் அவள் கைக்குத் தப்பாது. டாக்டர்கள் வரிசையில் நின்று அவளிடம் வேலை கொடுத்ததே அதற்காகத்தான். பல்லில் உறுத்துவதெல்லாம் அதிகப்படி. அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். எழுத்தும் அப்படித்தான் என்று நம்பியது, பல் செய்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு.

முதல் தலைப்பு ‘எங்கள் தெரு’. சில்வண்டு மடமடவென்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள். எங்கள் தெருவின் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, தெருவில் முதலில் குடிவந்தது அதுதான், பிறகுதான் மற்றவர்கள் வீடு கட்டினார்கள், மழை பெய்தால் அது வாயைத் திறந்து குடித்துவிட்டு லாரி வந்ததும் துப்பும் என்றெல்லாம் இருந்தது. அக்காவின் கையில் பென்சில். கோடு போட்டு முடித்தபோது தாள் முழுக்க வரிவரியாக இருந்தது.

“அம்மா, பள்ளம் வருமே, படிச்சியா?” என்றாள் மகள், முகத்தையே பார்த்துக்கொண்டு.

“படிச்சேன், படிச்சேன். அங்கதான் ஒற்றெழுத்தை விட்டிருக்க. போய்த் திருத்து.”

திருத்தினாள். வேறு இடத்தில் பிழை வந்தது. மறுபடி எழுதினாள். பள்ளம் துப்பும் இடத்தில் வாக்கியம் நீளமாகி எழுவாய் ஒருபக்கமும் வினை ஒருபக்கமுமாக இழுத்துக்கொண்டது. மறுபடி கோடு. கடைசியாகக் கொண்டுவந்த தாளில் பள்ளமே இல்லை. எங்கள் தெரு நீளமானது என்று இருந்தது. அக்கா விரலை வரிமேல் ஓட்டிப் பார்த்தாள். எங்கும் உறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அப்படியே நாட்கள் போயின. பக்கங்கள் சுத்தமாகிக்கொண்டே வந்தன. முதலில் பலமுறை எழுதியவள், பிறகு இரண்டே முறையில் முடித்தாள். அப்புறம் முதல் தாளிலேயே பிழை இல்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கங்கள் குட்டையாகிக்கொண்டும் வருகின்றன என்பதை அவள் பார்க்கவில்லை. பிழையைத் தேடுகிற கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

அதோடு அவளுக்கு ஒரு புது வியாதியும் பிடித்தது. எங்கே பார்த்தாலும் பிழை. கடைப் பலகையைப் பார்த்தால் குமட்டும். குழுவில் மேடம் அனுப்பும் செய்திகளைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வாள். டாக்டர் அனுப்பிய சீட்டில் ஓர் எழுத்தைத் திருத்தித் திருப்பி அனுப்ப, அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சில்வண்டு வாயைத் திறந்தால்கூட, “யாரு போனாங்கன்னு முதல்ல சொல்லு. அப்புறம் எங்க போனாங்கன்னு சொல்லு. ஏன் இப்படிக் குழப்பற?” என்று நடுவில் வெட்டுவாள். மகள் தொடக்கத்துக்குப் போய் மறுபடி ஆரம்பிப்பாள். சிலசமயம் ஆரம்பிக்காமல் சாப்பாட்டைப் பார்ப்பாள்.

கணவர் ஒருநாள் அந்தத் தாள்களை எடுத்துப் புரட்டினார்.

“என்ன இது, எல்லாம் அரைப் பக்கத்துல முடிஞ்சுடுது?”

“ஒரு பிழை இருக்கா பாருங்க. ஒண்ணு காட்டுங்க பாக்கலாம்.”

“பிழை இல்லதான்.” தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “ஆனா இதை யாரு வேணா எழுதியிருக்கலாமே. நம்ம சில்வண்டு எழுதின மாதிரியே இல்லையே. நீ பல்லை ராவற மாதிரி அவளையும் ராவிட்டு இருக்கியோன்னு தோணுது.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “ஆய்வாளர் முன்னால நீங்க வந்து நிக்கறீங்களா? திரும்ப அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னா நீங்க கொண்டுபோய் விடறீங்களா? பேசறது யாருக்கும் சுலபம்” என்று எகிறினாள்.

“சரி தாயே. நான் லிஃப்டைப் பாக்கறேன், நீ பல்லைப் பாரு” என்று அவர் தாள்களை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

ஆய்வாளரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தது. இருவரும் பஸ் ஏறினார்கள். சில்வண்டுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று பஸ்ஸில் ஏறியது. தூக்கிவந்தவர் குள்ளமான ஆள். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய விரல்களும் செருப்பும்தான் தெரிந்தன. சலூனுக்கு எடுத்துப் போகிறாராம். நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

பஸ்ஸே மாறிப்போயிற்று. சும்மா நின்றவர்களெல்லாம் தலை வாரத் தொடங்கினார்கள். ஒருவன் கன்னத்துப் பருவைக் கிள்ளினான். ஒரு பெரியவர் கண்ணாடி என்று தெரியாமல், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று எதிரே இருந்தவரிடம் கறாராகச் சொன்னார்.

சில்வண்டு அம்மாவின் காதைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, அம்மா, அவரையே அவரு தள்ளி நிக்கச் சொல்றாரும்மா! ரெண்டு பேருமே நகர மாட்டேங்கறாங்க!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “கண்டக்டரைப் பாரேன், உள்ள இருக்கறவங்களும் டிக்கெட் எடுத்தாச்சான்னு பாக்கறாரு. உள்ளயும் ஒரு கண்டக்டர் இருக்காரு, அவரே பாத்துக்க மாட்டாரா?”

டிரைவர் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த கூட்டமும் இவர்களை நோக்கிச் சாய்ந்தது.

“நாம விழப்போறதை நாமளே முன்னாடி இருந்து பாத்தோம்மா!” என்று கத்தினாள் சில்வண்டு. முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்கோ சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகளுடைய இந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. சந்தோஷமாக மட்டும் இருந்தது.

அலுவலக அறையில் கோப்பு அடுக்குகளும் ஓர் இரும்பு மேஜையும் ஓயாமல் முனகும் மின்விசிறியும் இருந்தன. போன வருஷத்து ஆய்வாளர்தான். சில்வண்டிடம் வெள்ளைத் தாளை நீட்டினார்.

“இன்னைக்கு வீட்டுல இருந்து இங்க எப்படி வந்தன்னு எழுது கண்ணு. வழியில பாத்ததை எல்லாம் எழுதலாம். அவசரமில்ல.”

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேட்டு வாங்கியதுபோலத் தலைப்பு! கண்ணாடி இருக்கிறது, பெரியவர் இருக்கிறார், கண்டக்டர் இருக்கிறார். எழுதுடி, எழுது, பார்த்து மட்டும் எழுது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இவ்வளவையும் எழுத நேரம் ஆகுமே என்று கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்தாள். அதை வைத்து நிமிர்வதற்குள் மகள் பேனாவை மூடிவிட்டாள்.

ஆய்வாளர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். வரி வரியாகப் போனார். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார். “அடடே!” என்றார். தாளை எடுத்து உரக்க வாசித்தார்.

“இன்று நான் பேருந்தில் வந்தேன்.”

சரி, இதோ கண்ணாடிக்காரர் ஏறப்போகிறார் என்று நினைத்தாள் அக்கா.

“பேருந்து பெரியது. அதில் பலர் இருந்தனர்.”

இப்போது கண்ணாடி வரும்.

“நான் ஜன்னலின் ஓரத்தில் அமர்ந்தேன். பயணம் இனிமையாக இருந்தது.”

ஆய்வாளர் தாளைக் கீழே வைத்தார். அவ்வளவுதான் என்பது அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

“ஒரு பிழை இல்ல! போன வருஷம் என்ன கோலத்துல இருந்தது, இந்த வருஷம் பாருங்க. அதுதான் உழைப்புங்கறது. எந்தப் பாடத்திட்டம் எடுத்தீங்க? சொல்லுங்க, வர்றவங்களுக்கெல்லாம் நானே சொல்றேன்” என்று முகம் மலர்ந்தார் ஆய்வாளர்.

சில்வண்டு மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டு அவளை எட்டியதாகவே தெரியவில்லை. அக்காவின் தொண்டை வரைக்கும் ஏதோ புரண்டு வந்தது. இத்தனை நாள் அணிலைப் பார்த்தும், மேடத்தைப் பார்த்தும், பிஸ்கட் தட்டைப் பார்த்து ஒப்பித்த பையனின் அப்பாவைப் பார்த்தும் வந்த குமட்டல் எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்ட குமட்டல் அது. இந்தத் தடவை அது வேறு யார் மேலும் இல்லை. வகுப்பாசிரியை ஒரே ஒரு தாளில்தான் கோடு கிழித்தார். இவள் தினமும் காலையில் உட்கார வைத்து, பென்சிலைச் சீவிச் சீவிக் கோடு போட்டிருக்கிறாள். சீ என்று இருந்தது.

“வெள்ளை அட்டைப் புத்தகம் சார்” என்றாள். வேறென்ன சொல்வது? அவர் குறித்துக்கொண்டார். வீட்டிலேயே படிப்பைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாசலுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “கண்ணாடிக்காரர் எங்கடி?”

“பஸ்ஸுல போயிட்டாரே.”

“அதைக் கேக்கல. ஏன் அவரைப் பத்தி எழுதல?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். மறைக்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவளாகச் சொன்னாள். “அதை எழுதினா நீளமா வரும்மா. நீளமா வந்தா எங்கயாவது தப்பாயிடும். இது தப்பாகாது.”

அக்காவின் கையில் முத்திரை குத்திய தாள் இருந்தது. இதற்காகத்தானே இவ்வளவும் என்று அதைப் பார்த்தாள். மகளை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்துவிட்டது. எதைக் காப்பாற்ற வீட்டில் வைத்துக்கொண்டாளோ அதைத்தான் காணவில்லை. தன் கையைத் தானே கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

போன் அடித்தது. கணவர்தான். “என்னாச்சு?” என்றார்.

“பாஸ்.”

“அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு? சரி, அவகிட்டக் குடு.”

சில்வண்டு போனை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் குரல் வெளியிலும் கேட்டது. “கலக்கிட்டயாமே! வழியில என்ன கூத்தெல்லாம் பாத்த? சொல்லு சொல்லு, எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்ல.”

“அப்பா, பஸ்ஸுல ஒருத்தர் இவ்ளோ பெரிய கண்ணாடிய...” என்று கையை அகல விரித்தவள், அம்மா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். விரித்த கை அப்படியே நின்றது.

“சொல்லுடி. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லு” என்றாள் அக்கா. கெஞ்சுவதுபோல இருந்தது.

மகள் உதட்டுக்குள்ளேயே எதையோ ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

“பஸ்ஸுல வந்தோம்ப்பா. கூட்டமா இருந்துச்சு.”

“ம், அப்புறம்?”

அவள் போனை அம்மாவிடம் நீட்டினாள். அதிலிருந்து அப்பாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. “ஹலோ? சில்வண்டு? ஹலோ, லைன் கட்டாயிடுச்சா?”